உமிச்சாம்பலுக்குள் இருக்கும் ஈரம்

சாத்தூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பங்குனியில் தளம் போட்டோம். மறுநாளே மயிரிழை விரிசல். சிமெண்டில் கலப்படமா?"

எனக்கு முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். தீப்பெட்டியையும் பட்டாசையும் சிவகாசி வட்டாரத்தில் வாழவைத்த வறண்ட காற்று, பச்சைக் கான்கிரீட்டின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஈரம் போனால் சுருக்கம். சுருக்கம் தடைபட்டால் விரிசல். வீட்டுத் தளத்தில் அது பூசி மறைக்கிற விஷயம். பட்டாசு அறையின் தரையில் அப்படி விடமுடியாது. விரிசலுக்குள் இறங்கிய மருந்துத் தூளைக் கழுவி எடுப்பது கடினம். அது தீப்பற்ற ஓர் உராய்வு போதும்.

தண்ணீரைக் குறைத்துப் போடும் உயர்வலிமைக் கான்கிரீட் உள்ளுக்குள்ளும் காயும். சிமெண்ட் இறுகும்போது நீரைக் குடிக்கிறது. நுண்துளைகள் காலியாக, மிஞ்சிய நீர் துளைச் சுவர்களை உள்ளே இழுக்கிறது. மேலே பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர் அவ்வளவு ஆழம் இறங்காது.

உமிச்சாம்பல் உதவுவது இந்த இடத்தில்தான். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. எரித்தால் 4 கிலோ சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. 1970-களிலேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.குமார் மேத்தா இதைச் சிமெண்டோடு சேர்க்கும் வழியை ஆராய்ந்தார். வலிமை கூடுவது பலருக்கும் தெரியும். என்னை ஈர்ப்பது அதன் துளைகள். உமியின் செல் அமைப்பு எரிந்த பிறகும் அழிவதில்லை. அரைத்த பொடியிலும் துளைகள் மிஞ்சுகின்றன. கலக்கும்போது அவை நீரை வாங்கி வைத்து, சுற்றுப்புறம் காயும்போது திருப்பித் தருகின்றன. எங்கள் வீட்டுத் தூண்களுக்கு அப்பா ஈரச் சாக்கு சுற்றுவார்; அந்த வேலையைச் சாம்பல் உள்ளிருந்து செய்கிறது. இதனால் உட்சுருக்கம் குறைவதை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கான்கிரீட்டில் இதேபோல் சேர்க்கும் சிலிக்கா ஃபியூம் என்ற தூள் இதைவிட நுண்ணியது, விலையும் அதிகம். ஆனால் அதில் இப்படித் துளை இல்லை.

பக்குவம் முக்கியம். சுமார் 700 டிகிரிக்கு மேல் நெடுநேரம் எரித்தால் சிலிக்கா படிகமாகி வினைபுரியாது. அரைகுறையாக எரிந்த கரிச்சாம்பலும் கூடாது. அளவுக்கு மீறி அரைத்தால் துளைகள் போய்விடும்.

ஐ.எஸ். 456 விதிநூல் 2000-லேயே உமிச்சாம்பலுக்கு இடம் கொடுத்துவிட்டது. அப்படியிருந்தும் அரிசி ஆலைச் சாம்பலைக் கண்மாய்க் கரையில் கொட்டுகிறோம். சிமெண்ட் ஆலையும் அரிசி ஆலைகளும் பொறியியல் கல்லூரிகளும் ஒரே மாவட்டத்தில் இருக்க, இது வெறும் அலட்சியம். அரிசி ஆலைக்காரர்கள் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு மூட்டை அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம்.

சாத்தூர் நண்பரே, பாய்லர் சாம்பலை நீங்களாகக் கலக்காதீர்கள். மறுநாள் விரிசலை அது தடுக்காது. தளம் போட்ட அன்றே ஈரச் சாக்கு மூடுவதுதான் தடுக்கும். வறண்ட வெயிலில் குறைந்தது 10 நாள் நனைக்கச் சொல்கிறது அதே விதிநூல்.