பித்தக்கானில் கல்: வயிற்றைத் திறப்பதா, துவாரமிடுவதா?

கலா ஓயா களப்போடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அணித்தாயுள்ள எலுவன்குளத்திலிருந்து, கண்களில் மஞ்சளும், நடுக்கத்தோடு கூடிய காய்ச்சலும், வலது விலாவின்கீழ்க் குடையும் வலியுமாக ஒருவர் புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கு எடுத்துவரப்படுவாராயின், பித்தக்கானில் கல் அடைத்து, தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகியிருக்கக்கூடும் என்பதே வைத்தியரின் முதல் ஐயமாகும். இம்மூன்று குறிகளும் ஒருங்கே தோன்றுவதன் அபாயத்தைப் பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ 1877ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்துள்ளார்.

ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள அக்கானை அடைக்கும் கற்களிற் பெரும்பாலன பித்தப்பையில் உருவாகி வழுகி இறங்கியவை. இரத்தச் சிவப்பணுக்கள் இடையறாது சிதையும் தலசீமியா நோயாளருக்கோ கரிய கற்கள் இளவயதிலேயே தோன்றுதல் கூடும். அந்நோய்க்கான தேசிய நிலையம் நமது வடமேல் மாகாணத்துக் குருநாகலிலேயே அமைந்திருப்பதை நோக்க, இஃது இப்பிரதேசத்தார் அறியவேண்டிய விஷயமாம்.

1882இல் பேர்லினில் லாங்கன்புக் பித்தப்பையை முதன்முதலாக அகற்றிய பின்னர், சில ஆண்டுகளுள் பித்தக்கானையே திறந்து கல்லெடுக்கும் துணிவும் சத்திரவைத்தியருக்கு உண்டாயிற்று. விலாவின்கீழ் நீளக் கீறி, கானை விரலால் தடவியறிந்து, கல்லை எடுத்தபின் ஜெர்மானியரான கேர் வகுத்த 'டி' வடிவக் குழாயை அதனுள் வைத்து, பித்தம் வெளியேற வழிசெய்யும் இம்முறையில் கல்லை முற்றாக நீக்கும் உறுதி பெரிது. ஆயினும் காயத்தின் வலியால் மூச்சை ஆழ இழுக்கவியலாமையும், தழும்பினூடே குடலிறக்கம் தோன்றும் அபாயமும், வலையிழுத்துப் பிழைப்பவர் வாரக்கணக்கில் தொழிலை விட்டிருக்க நேர்வதும் அதன் விலையாகும்.

1985இல் ஜெர்மனியின் மூஹே துவாரவழியே பித்தப்பையை அகற்றினார். 1990இல் மும்பையில் உத்வாடியா அம்முறையை இந்தியாவிற் புகுத்த, கோயம்புத்தூரிற் பழனிவேலு அதனை வளர்த்தெடுத்தார். கரியமிலவாயுவால் வயிற்றை உப்பச்செய்து, நான்கைந்து சிறு துவாரங்களின் வழியே கருவிகளைச் செலுத்தி, சிறிய கற்களைப் பித்தப்பையின் கிளைக்கான் ஊடாகவே கம்பிக்கூடையால் பற்றியெடுப்பர். பெரியவற்றுக்குப் பிரதான கானையே திறந்து உள்ளே தைத்தல் வேண்டும். கான் ஒடுங்கியதாயின் தையலே பின்னர் அதனைச் சுருக்கிவிடுமாதலால், இஃது எல்லார் கைக்கும் இசைவதன்று. 1974இல் எர்லாங்கனிலும் கியோத்தோவிலும் தோன்றிய மூன்றாம் வழியோ, வாய்வழியே உள்நோக்கியைச் செலுத்திக் கானின் வாயிலை வெட்டிக் கல்லெடுப்பதாகும்.

இவற்றை ஒப்பிட்ட 16 பரிசோதனைகளை, 1758 நோயாளரை உள்ளடக்கி, 2013இல் தொகுத்தாய்ந்த கொக்ரேன் மதிப்பீடு, உள்நோக்கிமுறையின் ஆரம்பகாலத்தில் திறந்த சிகிச்சையே கற்களை நீக்குவதில் மேம்பட்டு நின்றதையும், துவாரமுறைக்கும் உள்நோக்கிமுறைக்கும் இடையே உயிரிழப்பிலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படாமையையும் உரைக்கின்றது.

ஆகவே, பயின்ற கையும் உரிய கருவியும் வாய்க்குமிடத்தில் துவாரமுறையை விரும்புதல் நியாயமே. அவை இல்லாவிடத்தும், கற்கள் பெரியனவாய்ப் பலவாய் இறுகியவிடத்தும், முந்தைய சத்திரசிகிச்சையால் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கிடக்குமிடத்தும், திறந்து செய்தலைப் பழைமையென்று இகழ்தல் தகாது. எவ்வழி ஆயினும், முதலில் கிருமித்தொற்றைத் தணித்து, தேங்கிய பித்தத்துக்கு வழிவிட வேண்டும். காய்ச்சலோடு மஞ்சள் கண்டவர் வீட்டிலே நாட்கடத்துவாராயின், அவருக்கு எந்த முறையும் முழுப்பயன் தரமாட்டாது.