ஒருவர் வரைந்த இரு படகுகள்

பூண்டுலோயாவில் வளர்ந்தவர்களுக்குப் பாய்ப்படகு தூரத்துச் சங்கதி. எங்கள் தண்ணீர் டன்சினன் நீர்வீழ்ச்சியாய் விழுந்து, ஆறாய் ஓடி, கொத்மலை நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அதில் பாய் விரித்துச் செல்லும் படகை நான் கண்டதில்லை. ஆயினும் இக்கட்டுரையை எழுதக் காரணம் பாணந்துறையில் இருக்கும் என் சாச்சியின் மகள்.

அவளுக்கு வயது பதினான்கு. வீட்டுக்கு அண்மையில் பொல்கொடை ஏரி. பாய்ப்படகு ஓட்டப் பழகிப் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவளது ஆசை. சாச்சாவோ, வாங்குவதானால் வீட்டார் எல்லோரும் ஏறிச் செல்லக்கூடிய படகாக இருக்கட்டும் என்கிறார். கையிலுள்ள பணத்துக்குப் பழைய படகு ஒன்றுதான் வாங்கலாம். பேச்சில் அடிபட்டவை ஜீபி 14, என்டர்பிரைஸ் ஆகிய இரண்டும். இரண்டுமே இலங்கையில் நெடுங்காலமாக ஓடுபவை. "ராத்தா பௌதிகவியல் படிக்கிறவதானே, அவவிடமே கேப்போம்" என்று வழக்கு என்னிடம் வந்தது.

இவ்விரண்டையும் வடிவமைத்தவர் ஜெக் ஹோல்ட் என்னும் ஆங்கிலேயர். ஜீபி 14 பிறந்த ஆண்டு 1949. 'ஜீபி' என்பது பொதுப் பயன்பாடு என்பதைக் குறிக்கும். 14 என்பது அதன் அடி நீளம். பாயில் ஒரு மணியின் சின்னம் இருக்கும். வேல்ஸ் நாட்டின் அபர்டவி என்ற கரையூரில் கடலுக்கடியில் மூழ்கிய மணிகள் ஒலிப்பதாக ஒரு பழங்கதை உண்டு. அவ்வூரின் நினைவாகவே அந்த மணி. கொத்மலையில் நீர் வற்றும்போது கடதொர விகாரை வெளியே தெரிவதைக் கண்ட நமக்கு அக்கதை அந்நியமாகத் தோன்றாது.

என்டர்பிரைஸ் 1956இல் வந்தது. நீளம் 13 அடி 3 அங்குலம். நீல நிறப் பாயே அதன் அடையாளம். 'நியூஸ் குரோனிக்கிள்' பத்திரிகையின் ஆதரவோடு அறிமுகமான அப்படகுகளில் இரண்டு, இரவு வேளையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டின. தேர்ந்தவர் கையில் சின்னப் படகும் தூரம் போகும் என்பதற்கு அது சான்று. ஆனால் நம் கேள்வி பழகப்போகும் பிள்ளையைப் பற்றியது.

நீளத்தில் வித்தியாசம் ஓர் அடிகூட இல்லை. பாரத்தில்தான் வித்தியாசம். ஜீபி 14இன் உடற்பகுதி ஏறத்தாழ 133 கிலோ. என்டர்பிரைஸ் 90 கிலோ அளவு. இடைவெளி நாற்பது கிலோவுக்கு மேல். நம் தோட்டத்து அளவில் சொன்னால் இரண்டு நாள் கொழுந்தின் பாரம்.

பாரம் ஏன் முக்கியம்? காற்று பாயைத் தள்ளும்போது படகு சரியப் பார்க்கிறது. அந்தத் திருப்பத்தை எதிர்ப்பவை படகின் அகலமும் பாரமும், அதில் இருப்பவர்கள் காற்று வரும் பக்கம் சாய்ந்து அமர்வதும்தான். இதை நம் கடற்றொழிலாளர்கள் எந்தப் பாடநூலும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். ஒரு பக்கம் மிதவைக்கட்டை பூட்டிய ஒருவ வள்ளத்தில், காற்று கூடக் கூட ஆட்கள் அக்கட்டையின் பக்கம் ஏறிப் பாரம் கொடுப்பார்கள். அதனால் காற்றையே 'ஓர் ஆள் காற்று', 'இரண்டு ஆள் காற்று' என்று அளந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர் எழுதி வைத்தார்கள்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது பாயில் கொடுக்கும் விசை நான்கு மடங்காகும். ஆகவே திடீர்க் காற்றில் இலேசான என்டர்பிரைஸ் உடனே துள்ளும். உடனே சரியவும் பார்க்கும். ஓட்டுபவர் கணமும் அசந்திருக்க முடியாது. ஜீபி 14 சற்று ஆறுதலாக அசையும். யோசிக்க அவகாசம் தரும். மூன்று நான்கு பேர் ஏறலாம், துடுப்புப் போடலாம், சிறிய இயந்திரமும் பூட்டலாம். ஆனால் கரைக்கு இழுக்க ஆள் பலம் வேண்டும். அந்த வேலைக்கு என்டர்பிரைஸே இலகு.

அப்படியானால் போட்டிக்கு என்டர்பிரைஸ்தானே? தேடிப் பார்த்தபோது என்னை வியக்க வைத்த இடம் இது. வெவ்வேறு வகைப் படகுகளை ஒரே போட்டியில் ஓடவிட, 'போர்ட்ஸ்மத்' எண் என்றொரு கணக்கைப் பிரித்தானியக் கழகங்கள் வைத்திருக்கின்றன. எண் கூடினால் படகு மெதுவானது என்று பொருள். இவ்விரண்டின் எண்களும் 1100க்கும் 1160க்கும் இடையில் அருகருகே நிற்கின்றன. பாரம் கூடிய ஜீபி 14 பின்தங்கிவிடவில்லை. அதன் நீளமும், பின்காற்றில் பலூன் போல் விரியும் ஸ்பினக்கர் என்ற மேலதிகப் பாயும் ஈடுசெய்கின்றன. என்டர்பிரைஸில் அந்தப் பாய் கிடையாது. ஆகவே இரண்டே பாய்களுடன் பழகுபவருக்குக் கயிறுகள் குறைவு என்பது அதன் நன்மை.

மேலும், பெரும்பாலான போட்டிகளில் ஒரே வகைப் படகுகளே ஒன்றோடொன்று மோதுகின்றன. எல்லாப் படகும் ஒரே அளவு; வெல்வது ஓட்டுபவரின் திறமை. ஆகவே போட்டியை நாடுபவர் முதலில் பார்க்க வேண்டியது, அருகிலுள்ள கழகத்தில் எந்த வகை அதிகம் ஓடுகிறது என்பதையே. துணையில்லாத வேகமான படகு போட்டிக்கு உதவாது.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பி, ஜீபி 14 என்று என் தீர்ப்பைச் சொன்னேன். சாச்சாவும் சாச்சியும் தம்பியும் ஏறலாம்; மகள் அதிலேயே போட்டியும் ஓடலாம். நீலப் பாயை விரும்பிய அவளுக்கு இதில் மனத்தாங்கல்தான். இரண்டு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை.

ஒரு நிபந்தனையையும் சேர்த்தேன். எந்தப் படகும் கவிழும். ஆகவே படகுக்கு முன் நீச்சல் பழக வேண்டும். உயிர்காப்பு அங்கியின்றி ஏரியில் இறங்கக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் மலையிலும் உண்டு, கரையிலும் உண்டு. ஆற்றுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் பக்கத்தில் வாழும் நமக்குப் படகு இல்லாவிட்டாலும் நீச்சல் வேண்டும். சாச்சா முதலில் பணம் கட்டியது நீச்சல் வகுப்புக்கு. படகு அடுத்த விடுமுறையில்.