மணம் படிக்கும் மரபணுக்கள்

தருமபுரிப் பூச்சந்தையில் குண்டுமல்லியும் சம்பங்கியும் சாமந்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கே எந்தப் பூ குவிந்திருக்கிறது எனக் கூறிவிடலாம். கனகாம்பரம் மட்டும் பிடிபடாது, அதற்கு மணமில்லை. காற்றில் கலந்து வரும் மூலக்கூறுகளை மூக்கு எவ்வாறு பிரித்தறிகிறது?

1991ஆம் ஆண்டில் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் என்னும் அமெரிக்க அறிவியலாளர் இருவர், நுகர்ச்சி ஏற்பிகளை உருவாக்கும் பெரும் மரபணுக் குடும்பத்தை எலியிடம் கண்டறிந்தனர். 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் செயல்படும் நுகர்ச்சி மரபணுக்கள் ஏறத்தாழ 400. எலியிடம் அவை ஆயிரத்தைத் தாண்டும்.

மூக்கின் உட்கூரையில், சளிப்படலத்தினுள் நுண்மயிர்களை நீட்டியபடி இலட்சக்கணக்கான நரம்பு செல்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லும் அந்த 400 மரபணுக்களுள் ஒன்றையே தேர்ந்து செயற்படுத்தும். ஏனையவை அச்செல்லில் வாய்மூடிக் கிடக்கும். அம்மரபணு உருவாக்கும் ஏற்பிப் புரதம், துணியில் ஓடும் தையல் நூலைப்போலச் செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. பொருத்தமான மூலக்கூறு அதன் குழிவில் அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் சற்றே மாறுகிறது. அம்மாற்றம் செல்லினுள் இருக்கும் ஜி புரதத்தைத் தூண்டுகிறது. அதன் தொடர்விளைவாகச் சவ்வின் வாயில்கள் திறந்து, சோடியம், கால்சியம் அயனிகள் உட்புகுகின்றன. அவ்வாறு பிறக்கும் மின்குறிப்பு, மூளையின் நுகர்ச்சிக் குமிழைச் சென்றடைகிறது.

நாம் அறியும் மணங்களோ 400ஐ விடப் பன்மடங்கு மிகுதி. முப்பது முதலெழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்குகிறோம் அல்லவா? அதுபோலவே ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும்; ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இடந்தரும். தூண்டப்பட்டவற்றின் சேர்க்கையையே மூளை மணமாகப் படிக்கிறது. மல்லிகையின் மணத்தில் பங்குகொள்ளும் இண்டோல் மலத்திலும் உண்டு. அளவு கூடினால் வேறு ஏற்பிகளும் விழித்துக்கொள்ள, நறுமணம் வெறுக்கத்தக்கதாகிறது. ‘நாற்றம்’ என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது இங்கு நினைக்கத்தக்கது.

இந்த எழுத்துகள் எல்லார்க்கும் ஒன்றல்ல. பாலக்கோட்டுத் தக்காளியை இருவர் முகர்வதாகக் கொள்வோம். தக்காளியில் உள்ள பீட்டா அயனோன் என்னும் பொருளை உணர்வது, ஓ.ஆர்.5ஏ1 என்னும் மரபணுவைப் பெரிதும் சார்ந்தது. அம்மரபணுவின் ஒரு வடிவத்தைப் பெற்றவர்க்கு அப்பொருள் பூமணமாகத் தோன்றும். வேறு வடிவத்தைப் பெற்றவர்க்கு எளிதில் புலப்படாது, புலப்பட்டாலும் புளித்த நெடியாகவே தோன்றும். யாருடைய மூக்கும் பொய் சொல்லவில்லை.

2020இல் கொரோனா பரவியபோது பலர் மணவுணர்வை இழந்தனர். மடியில் குவிந்த மல்லி மணக்கவில்லையென்றால் பூக்கட்டுபவர் என்ன செய்வார்? நுண்ணுயிரி பெரிதும் தாக்கியது நரம்பு செல்களை அன்று; அவற்றைச் சூழ்ந்து காக்கும் துணைச் செல்களையே. எனினும் அத்தாக்குதலால் நரம்பு செல்களின் ஏற்பி மரபணுக்கள் செயல் குன்றின. மூக்கின் நரம்பு செல்கள் வாழ்நாள் முழுதும் புதிதாகத் தோன்றக்கூடியவை. பெரும்பாலோர்க்கு மணவுணர்வு மீண்டது. சிலர்க்கு அது மாதக்கணக்கில் திரிந்தே வந்தது. காப்பியும் வெங்காயமும் அழுகல் நெடி வீசின.