பெயர் சொல்லி அழைக்கும் உரிமை யாருக்கு?

அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தைந்து வயதில் பணியேற்கும் அதிகாரி, முதல் நாளிலேயே அனைவருக்கும் ‘சார்’ ஆகிவிடுகிறார். அங்கே முப்பது ஆண்டுகளாகப் பணிபுரியும் அலுவலக உதவியாளரோ, ஓய்வு பெறும் நாள்வரை பெயர் சொல்லியே அழைக்கப்படுகிறார். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் நிலைமை வேறு. நேற்றுச் சேர்ந்த பொறியாளர்கூட மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஆனால், அதே கட்டிடத்தின் காவலாளிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அந்தப் பொறியாளர் ‘சார்’தான்.

பணியிடத்தில் யார் யாரை எப்படி அழைப்பது என்பது நாகரிகம் சார்ந்த சிறிய விஷயமாகத் தோன்றலாம். உண்மையில், அங்கே யார் மதிக்கப்படுகிறார், யார் மதிக்கப்படவில்லை என்பதை அன்றாடம் நினைவூட்டிக்கொண்டே இருப்பது இந்த விளிமுறைதான்.

ஒரே பழக்கம், இரு பொருள்

பெயர் சொல்லி அழைப்பது சமத்துவமா, அவமதிப்பா? 1960களில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் இந்தக் கேள்விக்கு விடை தருகின்றன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1963இல் மேரி ஹாமில்டன் என்கிற கறுப்பின உரிமைச் செயற்பாட்டாளர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அரசு வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று அழைத்துக் கேள்வி கேட்டார். ‘மிஸ் ஹாமில்டன்’ என்று தன்னை முறையாக அழைக்கும்வரை பதிலளிக்க மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்நாளில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையரை மிஸ்டர், மிஸ், மிஸஸ் என்று மரியாதையுடன் அழைப்பதும், கறுப்பினத்தவரை வெறும் பெயரால் அழைப்பதும் வழக்கமாக இருந்தன. நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

ஸ்வீடனில் நிகழ்ந்தது இதற்கு நேரெதிர். அந்நாட்டு மக்கள் அறிமுகமில்லாதவரையும் மேலதிகாரியையும் பட்டம், பதவி, குடும்பப் பெயர் ஆகியவற்றைச் சொல்லியே விளித்துவந்தனர். 1967இல் மருத்துவத் துறையின் தலைமை அலுவலகத்துக்குப் பொறுப்பேற்ற ப்ரோர் ரெக்ஸெட், ஊழியர்கள் அனைவரையும் பெயர் சொல்லியே அழைக்கப்போவதாகவும், அவர்களும் தன்னை அவ்வாறே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றத்துக்கு அந்த அறிவிப்பு அடையாளமாக நிலைத்துவிட்டது.

அலபாமாவில் பெயர் அவமதிப்பின் கருவி. ஸ்வீடனில் அதுவே சமத்துவத்தின் கருவி. வேறுபாடு பெயரில் இல்லை, திசையில் இருக்கிறது. இரு தரப்பும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க முடிந்தால் அது தோழமை. ஒரு தரப்பு மட்டுமே அழைக்க முடிந்தால் அது ஆதிக்கம்.

தமிழில் கூடும் சிக்கல்

ஆங்கிலத்தில் முன்னிலைச் சொல் ஒன்றே. அதனால் மேலாளரின் பெயரைச் சொன்ன பிறகு வாக்கியத்தில் வேறு சங்கடம் எழுவதில்லை. தமிழிலோ பெயரைத் தொடர்ந்து ‘நீ’யா ‘நீங்க’ளா, ‘வா’வா ‘வாங்க’ளா என்று உடனே முடிவுசெய்தாக வேண்டும். கூட்டத்தில் ஆங்கிலத்தில் சமமாக ஒலித்த பெயர், உணவு இடைவேளையில் தமிழுக்கு மாறியதும் ஏற்றத்தாழ்வைச் சுமக்கத் தொடங்குகிறது. மேலாளர் ‘நீ’ என்கிறார். ஊழியர் ‘நீங்க’ என்கிறார்.

இதன் வேர் பணியிடத்துக்கு வெளியே இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த முதியவரை ஆதிக்க சாதிச் சிறுவர்கள் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்த வரலாறு தமிழகக் கிராமங்களுக்கு உண்டு. பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கிறது. ஆனால், வயதில் மூத்தவரை வெறும் பெயரால் விரட்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. அங்கே துணைநிற்க வேண்டியது பண்பாடு மட்டுமே.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த இயக்கத்தின் பயனாக, தலைப்பெழுத்தும் தன் பெயரும் மட்டுமே பெரும்பாலான தமிழர்களின் அடையாளமாயின. ஆனால், பன்னாட்டு நிறுவனங்களின் படிவங்கள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கேட்கின்றன. ஆ.செந்தில் என்பவர் ‘செந்தில் ஆறுமுகம்’ ஆகிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர் மரியாதையாக நினைத்து ‘மிஸ்டர் ஆறுமுகம்’ என்று எழுதும் மின்னஞ்சல், உண்மையில் அவருடைய தந்தையை அழைக்கிறது. மரியாதை காட்டவும் எதிர்த்தரப்பின் பெயர் மரபு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

செல்லமும் சீண்டலும்

சுருக்கப் பெயர்களில் தவறில்லை. வெங்கடசுப்பிரமணியன் தானே ‘வெங்கட்’ என்று அறிமுகம் செய்துகொண்டால் அதுவே அவர் பெயர். ஆனால், பெயரை உச்சரிக்கக் கடினமாக இருக்கிறது என்று மற்றவர்கள் அதைத் தம் வசதிக்கு வெட்டுவது வேறு. தோற்றம், நிறம், ஊர், பேச்சுவழக்கு ஆகியவற்றை வைத்துச் சூட்டும் பட்டப்பெயர்கள் இன்னும் மோசமானவை. ‘அவரே சிரிக்கிறாரே’ என்பது சமாதானம் ஆகாது. பதவி உயர்வைத் தீர்மானிப்பவர் கேலி செய்யும்போது சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லாமலும் ஒருவர் சிரிக்கலாம்.

பெண்கள் எதிர்கொள்ளும் வடிவம் சற்று நுட்பமானது. ஒரே பதவியில் இருக்கும் ஆண் ‘சார்’ எனவும், பெண் ‘ஏம்மா’, ‘பாப்பா’ எனவும் அழைக்கப்படுவதைக் காண்கிறோம். அன்பின் மொழியில் சொல்லப்படுவதால் அதை எதிர்ப்பது கடினம். ஆனால், கூட்டத்தில் ‘பாப்பா’ முன்வைக்கும் கருத்துக்கு ‘சார்’ சொல்லும் கருத்தின் எடை கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம்?

தீர்வு எளிமையானது. உங்களை எப்படி அழைக்கட்டும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது நாகரிகம். பதில் கிடைக்கும்வரை முழுப்பெயரும் பன்மையுமே பாதுகாப்பானவை. நெருங்கிய நண்பர்களுக்குள் வழங்கும் செல்லப்பெயரை வாடிக்கையாளர் முன்னிலையிலும் அலுவல் கடிதங்களிலும் தவிர்க்க வேண்டும். ஓர் அழைப்பு பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், விளக்கம் கேட்காமல் அதைக் கைவிட வேண்டும்.

நிறுவனங்களும் இதை முறைப்படுத்தலாம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்துக்கு வரும் மக்கள் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்க வேண்டியதில்லை என்று 2021இல் தீர்மானித்தது. அலுவலர்களைப் பெயராலோ பதவியாலோ அழைக்கலாம் என்றது. ‘சார்’ என்பதைக் கைவிடுவதா, அனைவருக்கும் நீட்டிப்பதா என்பதை ஒவ்வோர் அலுவலகமும் தீர்மானித்துக்கொள்ளலாம். ஆனால், எந்த முறையாக இருந்தாலும் அது மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தை அலுவலக உதவியாளரோ தூய்மைப் பணியாளரோ தொடங்க முடியாது. அதிகாரியை அவர் பெயர் சொல்லி அழைத்தால் அது ஒழுங்கீனம் எனப்படும். அதிகாரி அவரை ‘அண்ணே’ என்றோ, ‘அக்கா’ என்றோ, பெயரோடு ‘வாங்க’ என்றோ அழைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, அரசாணையும் தேவையில்லை. நாளைக் காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே அதைத் தொடங்கிவிடலாம்.