காற்றில் ஏறிய குரல் - 9: அலையில் தொடங்கிய பாடம்

வானொலி, தொலைக்காட்சி படிக்க வரும் பிள்ளைகளின் கையில் இன்று முதல் நாளே மைக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். குரலை ஏற்றி இறக்குவது, உச்சரிப்பு, நேரக் கணக்கு எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்தக் குரல் ஸ்டுடியோவை விட்டு எப்படி வெளியே போகிறது என்று கேட்டால், பலர் கோபுரத்தைக் கை காட்டுவதோடு சரி. கல்கத்தாவில் இந்தப் பாடம் எதிர்த்திசையில் தொடங்கியது. அங்கே முதலில் அலை, மைக் பிறகுதான்.

ஜகதீச சந்திர போஸை வாசகர்கள் அறிவார்கள். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியில்லாமல் மணியடித்து, வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டியவர். அவர் கையாண்டவை மில்லிமீட்டர் அளவு அலைகள். ஒலிபரப்பு அவர் கணக்கிலேயே இல்லை. அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர், போஸ் பாடம் நடத்திய பிரசிடென்சி கல்லூரியில் படித்த சிசிர் குமார் மித்ரா.

மித்ராவின் பாதையில் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார்: சி.வி. ராமன். அவர் வழிகாட்டலில் ஒளியியல் ஆய்வு செய்து, 1919-ல் டி.எஸ்ஸி. வாங்கினார் மித்ரா. பிறகு பாரிஸ் போனார். அங்கிருந்து நான்சி நகரம். நான்சியில் வானொலி வால்வுகளோடு பழகியதும் ஒளியியல் பின்னுக்குப் போய்விட்டது. கம்பியில்லாத் தகவல்தொடர்பை எம்.எஸ்ஸி. பாடமாக்க வேண்டும் என்று அங்கிருந்தே கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் முகர்ஜிக்குக் கடிதம் எழுதினார். 1923-ல் ஊர் திரும்பியதும் காரியம் நடந்தது. பாடத்தோடு நிற்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே ஒரு ஒலிபரப்பியை நிறுவி, ‘டூ-சி-ஸெட்’ என்ற அழைப்புக் குறியோடு நிகழ்ச்சிகளும் ஒலிபரப்பினார்கள். ஒலிபரப்புக் கம்பெனி கல்கத்தாவுக்கு வருவதற்கு முன்பே நடந்தது இது.

அந்த அடிப்படைப் பாடத்தை நாமும் கொஞ்சம் படித்துவிடலாம். பேச்சை மின் அலையாக மாற்றி அப்படியே அனுப்பினால் என்ன? விநாடிக்கு 3,000 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். அலை ஓடும் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் ஓர் அலையின் நீளம் 100 கிலோமீட்டர். ஆன்டெனா அதில் கால் பங்காவது இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 25 கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்ட யாரால் ஆகும்? எவரெஸ்ட்டே 9 கிலோமீட்டருக்குக் குறைவு. அதனால்தான் பேச்சை வேகமாக அதிரும் வேறோர் அலையின் மேல் ஏற்றுகிறார்கள். அது ஊர்தி அலை. கொல்கத்தா ‘ஏ’ நிலையத்துக்கு உரிய 657 கிலோஹெர்ட்ஸுக்குக் கால் பங்கு என்பது சுமார் 114 மீட்டர், கட்டிவிடலாம். ஜாதவ்பூர் பல்கலைக்கழகச் சமூக வானொலியின் 90.8 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர்கூட வேண்டாம். பேச்சுக்கு ஏற்ப ஊர்தி அலையின் வீச்சை மாற்றினால் ஏ.எம், அதிர்வெண்ணை மாற்றினால் எஃப்.எம். இடியும் மின்னலும் பெரும்பாலும் வீச்சைத்தான் கெடுக்கும். மழை நாளில் ஏ.எம். கரகரப்பதும் எஃப்.எம். தெளிவாக இருப்பதும் அதனால்தான்.

1927 ஆகஸ்ட் 26 அன்று இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி, 1 கார்ஸ்டின் பிளேஸில் கல்கத்தா நிலையத்தைத் திறந்தது. மூன்றாண்டுகூடத் தாங்காமல் கம்பெனி நொடித்துப்போக, 1930 ஏப்ரலில் அரசு ஏற்றுக்கொண்டது. கல்கத்தா வானொலி என்றால் மகாளய அமாவாசை விடியலில் வரும் வீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல்தான் வங்காளிகளுக்கு. அந்தப் புகழுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அதே 1930-ல் மித்ராவும் அவர் குழுவும் கல்கத்தா நிலையத்தின் மத்திய அலையையே கருவியாக்கி, வானத்தில் மின்னேறிய துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் ‘ஈ’ அடுக்குக்குச் சான்று தேடிப் பிடித்தார்கள். ஊரார் பாட்டுக் கேட்ட அலையில் இவர்கள் வானத்தை அளந்தார்கள்! வானொலி கேட்பவருக்கும் அந்த மண்டலத்தோடு தொடர்பு உண்டு: பகலில் அதன் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைய, அலை மேலே போய் மோதித் திரும்பித் தொலைதூரத்தில் இறங்கும். மித்ரா குழுவின் அந்த ஆய்வுக்குப் பின், 1949-ல் பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியல், மின்னணுவியல் நிறுவனமே உருவானது.

தொலைக்காட்சி கல்கத்தாவுக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 9-ல். சென்னைக்கு ஆறு நாள் முன்பு. விநாடிக்கு 25 படம், படத்துக்கு 625 வரி. இவ்வளவையும் சுமக்க ஒரு சேனலுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்பட்டது. மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ்தான். ஒரு தொலைக்காட்சி சேனல் அடைக்கும் இடத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட வானொலி நிலையங்களை அடுக்கலாம். அதனால் படம் மேலே, அதிக அதிர்வெண்ணுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கோபுரத்தின் உயரம் எட்டும் மட்டும்தான் படம்.

இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே நல்ல அறிவிப்பாளர் ஆகலாம், மறுக்கவில்லை. ஆனாலும் ஊடகக் கல்லூரிகள் மித்ராவின் வரிசையை ஒரு முறை பின்பற்றிப் பார்க்கட்டும்: மைக்குக்கு முன் ஒரு வாரம் அலை. வீட்டில் பழைய ரேடியோ இருப்பவர்கள் கல்லூரிக்குக் காத்திருக்க வேண்டாம். இன்று இரவு பத்து மணிக்கு மேல் மத்திய அலையில் முள்ளை நகர்த்திப் பாருங்கள். பகலில் கேட்காத ஏதாவது நிலையம் அகப்பட்டால், எந்த ஊர் என்று எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)