ரயில்வே அணியின் பிரதீப் குமார்

மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் தங்கவயல் இளைஞர்கள் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசாத நாள் அரிது. சென்ற திங்கள் ஒரு நாள், ஹாலந்து தேசத்து யோஹான் கிரைஃபைப் பற்றி வாதிட்டுக்கொண்டு வந்தனர். ஆட்டக்காரராகப் புகழ் பெற்று, பின்னர் பயிற்சியாளராகி, 1992இல் பார்சிலோனா கழகத்துக்கு முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அவர். "நம் நாட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்?" என்று ஓர் இளைஞர் வினவினார். ரயில்வேக் குமாஸ்தாவாகிய நாம் வாளாவிருக்க இயலுமோ? "பிரதீப் குமார் பானர்ஜி" என்றோம். அப்பெயரை அங்கிருந்தோர் ஒருவரும் அறிந்திலர். அன்று அவர்களுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் எழுதுகிறோம்.

1936இல் வங்காளத்து ஜல்பைகுரிப் பகுதியில் பிறந்த அவர், ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தார். தங்கச் சுரங்கம் நம் ஊரை உண்டாக்கியது போல, இரும்பாலை உண்டாக்கிய ஊர் அது. 1954இல் கல்கத்தா சென்று ஆரியன் கழகத்தில் ஆடினார். மறு ஆண்டே கிழக்கு ரயில்வே அணியில் சேர்ந்தார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் பெருங்கழகங்களுக்கு அவர் ஒருபோதும் ஆடியதில்லை. கழகத்தின் புகழைக் காட்டிலும் நிலையான உத்தியோகம் ஒரு குடும்பத்துக்கு எத்தகையது என்பதை, 2001இல் சுரங்கம் மூடப்பட்டதைக் கண்ட நம் மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் 1958இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது கிழக்கு ரயில்வேதான்! கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்கள் அல்லாத வேறோர் அணி அப்பட்டத்தை மீண்டும் பெற 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தார். ஆட்டம் 1–1 எனச் சமனாயிற்று. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் கதையோ இன்னும் சுவையானது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் நம்மவர் தோற்றனர். இறுதியாட்டத்தில் எதிரே நின்றதும் அதே தென் கொரியா. கூடியிருந்த பெருங்கூட்டமோ நம்மவரை ஏளனம் செய்தது. 17ஆம் நிமிடத்தில் பிரதீப் குமார் கோல் அடித்தார். தலையில் தையல்களோடு ஆடிய ஜர்னைல் சிங் சற்று நேரத்தில் இரண்டாவதை அடித்தார். 2–1 என்ற கணக்கில் தங்கப் பதக்கம் நமதாயிற்று. அவ்வணியில் பீட்டர் தங்கராஜும், பெங்களூர் அருமைநாயகமும் இருந்தனர் என்பதை இங்குக் குறிப்பிடாவிடில் நம் சங்கத்தார் நம்மை மன்னிக்க மாட்டார்கள். பயிற்றுவித்தவர் ஹைதராபாத்து ரஹீம்.

பயிற்சியாளரான பின் நிகழ்ந்தது விந்தை. தாம் எக்கழகங்களின் சட்டையை அணியவில்லையோ, அவையே இவரை அழைத்தன. 1975இல் இவரது ஈஸ்ட் பெங்கால், ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5–0 என வீழ்த்தியது. பின்னர் மோகன் பகானுக்கே சென்றார். 1977இல் ஈடன் தோட்டத்தில் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு அக்கழகம் 2–2 எனச் சமன் செய்தது. வீரர்களுக்கு இவர் ஊட்டிய ஊக்கவுரையைச் 'சொல் டானிக்' என்றே வங்கத்தார் அழைத்தனர். அறுபத்தோராம் வயதில், 1997இல், ஈஸ்ட் பெங்கால் 4–1 என மோகன் பகானை வென்றபோது, அதைக் காண 1,30,000க்கு மேற்பட்டோர் திரண்டனராம். பாய்ச்சுங் பூட்டியா அன்று மூன்று கோல்கள் அடித்தார். பிரதீப் குமார் 2020 மார்ச் 20 அன்று காலமானார்.

நாம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பங்காரப்பேட்டை வந்துவிட்டது. முதலில் வினவிய இளைஞர் கோப்பைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களுக்கு இன்னும் வேலை தருகிறார்களா?" என்றார். விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, அறிவிப்பு வருங்கால் தெரிவிப்போம் என்றோம். தம் தொலைபேசி எண்ணை நம் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.