டிகிரி பதிவு நிரந்தரம்... விடைத்தாள் அப்படி இல்ல! பல்கலைக்கழகம் எதை எவ்வளவு நாள் வைத்திருக்கும்?

கொருக்குப்பேட்டையில் இருந்து பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரிக்கோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரிக்கோ போய்ப் படித்தவர்கள் ஏராளம். இவர்களுக்குப் பட்டம் கொடுப்பது சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம். 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் என்பதால், அங்கே சேரும் காகிதங்களும் கொஞ்சநஞ்சம் அல்ல.

அப்படியென்றால் நாம் எழுதிய எல்லாமே அங்கே பத்திரமா இருக்குமா? இருக்காது. சில ஆவணங்கள் காலத்துக்கும் இருக்கும். சிலவற்றை விதிப்படியே அழித்துவிடுவார்கள். எது எந்த வகை என்று தெரியாமல் தாமதித்தால், உரிமை இருந்தும் காகிதம் கைக்கு வராது.

யாரிடம் என்ன இருக்கும்?

• கல்லூரியில்: சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் விவரம், வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க்.

• பல்கலைக்கழகத்தில்: செமஸ்டர் விடைத்தாள், மதிப்பெண் பதிவேடு, பட்டம் பெற்றவர்களின் பட்டியல்.

டி.சி. தொலைந்தால் கல்லூரிக்குப் போகணும். பட்டச் சான்றிதழ் தொலைந்தால் பல்கலைக்கழகத்துக்குப் போகணும். இது தெரியாமல் அலைபவர்கள்தான் அதிகம்.

ஆயுளை யார் முடிவு செய்வது?

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஃபைல் முடியும்போதே அதன் ஆயுளும் முடிவாகிவிடும். ‘ஆர்.டிஸ்.’ என்று முடித்தால் நிரந்தரம். ‘டி.டிஸ்.’ என்றால் 10 ஆண்டு. ‘கே.டிஸ்.’ 3 ஆண்டு, ‘எல்.டிஸ்.’ ஒரே ஆண்டு.

பல்கலைக்கழகங்கள் தன்னாட்சி அமைப்புகள். அவை தங்களுக்கான விதிகளை வகுத்துக்கொள்வதால், காலக்கெடு இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான். மதிப்பெண் பதிவேடு பல ஆண்டு கழித்தும் தேவைப்படும், அதனால் அது நீண்ட காலம் இருக்கும். விடைத்தாள்களோ ஒவ்வொரு செமஸ்டருக்கும் மூட்டை மூட்டையாகச் சேரும். ரிசல்ட், மறுமதிப்பீடு எல்லாம் முடிந்தபின் அவற்றுக்கு ஆயுள் குறைவு.

என் விடைத்தாளை நான் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2011 ஆகஸ்ட்டில் சி.பி.எஸ்.இ. - ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், மதிப்பிடப்பட்ட தன் விடைத்தாளை மாணவர் பார்க்கலாம், நகலும் வாங்கலாம்.

அதே தீர்ப்பில் ஒரு நிபந்தனையும் இருக்கு. விதிப்படி அந்தத் தாளை வைத்திருக்க வேண்டிய காலம் வரைக்கும்தான் இந்த உரிமை. அந்த வழக்கில் சி.பி.எஸ்.இ. வைத்திருந்த காலம் வெறும் 3 மாதம்!

‘20 வருஷம் வெச்சிருக்கணும்’னு சொல்றாங்களே?

தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 8(3)-ல் 20 ஆண்டு என்று வருவது உண்மை. ஆனால் 20 ஆண்டு கடந்த தகவல்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர மற்ற தடைகள் பொருந்தாது என்பதுதான் அதன் பொருள். எல்லாத் தாளையும் 20 ஆண்டு பாதுகாக்கச் சொல்லும் பிரிவு அல்ல என்று அதே தீர்ப்பு விளக்கிவிட்டது.

‘ஃபைல் காணோம்’னு சொன்னா?

அழித்தது வேறு, காணாமல் போனது வேறு. பதிவேடுகளை முறையாகப் பட்டியலிட்டு வைக்க வேண்டியது அலுவலகத்தின் கடமை என்கிறது பிரிவு 4(1)(அ). ஒருகாலத்தில் இருந்த தகவலை, இப்போது கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி மறுக்க முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரணை நடத்திப் பொறுப்பு யார் என்று கண்டறிய வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொன்னது.

ஆகவே ‘இல்லை’ என்று பதில் வந்தால் 2 கேள்வி கேளுங்க. எந்த விதிப்படி அழித்தீர்கள்? அழித்த தேதிக்கான பதிவு எங்கே?

எப்படிக் கேட்பது?

1. ரிசல்ட் வந்ததும் மறுமதிப்பீடு, விடைத்தாள் நகலுக்கான கடைசித் தேதியைப் பாருங்க. இதுதான் வேகமான வழி.

2. ஆர்.டி.ஐ. என்றால் கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் தள்ளிப்போடாதீங்க. தேர்வு மாதம், பதிவு எண், பாடக் குறியீடு மூன்றையும் எழுதுங்க. ‘முடிவு தெரியும் வரை அழிக்க வேண்டாம்’ என்று ஒரு வரியும் சேர்த்துக்கலாம்.

3. பதில் வராவிட்டாலோ, திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அடுத்து 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

சான்றிதழ் தொலைந்தவர்களுக்கு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். சான்றிதழ் நனைந்து அழிந்தாலும் பட்டம் அழியாது. மூலப் பதிவு பல்கலைக்கழகத்தில் இருப்பதால் நகல் சான்றிதழ் வாங்கலாம். தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

டிஜிலாக்கரிலும் தேடிப் பாருங்க. பல்கலைக்கழகம் அதில் வெளியிட்ட சான்றிதழ் சட்டப்படி மூலச் சான்றிதழுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றிய நகலுக்கு அந்த மதிப்பு கிடையாது. பழைய பேட்ச் என்றால் அதில் இல்லாமலும் போகலாம்.

எந்த வழியில் கேட்டாலும் முதலில் கேட்கப்படுவது பதிவு எண்ணும் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும்தான். இன்றைக்கே மார்க் ஷீட்டை எடுத்து இரண்டையும் குறித்து வையுங்க.